அறிக்கையில் ஏறாத தீ

அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை பல ஆண்டுகள் ‘காலை அறிக்கை’ என்ற ஒன்றைத் தன் ஊழியர்களுக்காக வெளியிட்டுவந்தது. வறண்ட நடை, சுருக்கமான வரிகள். மேல்பாதியில் சம்பவங்கள் இருக்கும்: ஆற்றோடு போனவர், பாறையிடுக்கில் மாட்டிக்கொண்டவர், வழிதவறிய குடும்பம், பள்ளத்தில் கவிழ்ந்த கார், திருட்டு வேட்டையில் பிடிபட்டவர். கீழ்ப்பாதியில் காட்டுத்தீ: நாட்டின் தீ ஆயத்தநிலை இன்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எதில் நிற்கிறது, எங்கே எத்தனை ஏக்கர் எரிகிறது, எத்தனை பேர் களத்தில் இருக்கிறார்கள், எத்தனை சதவீதம் கட்டுக்குள் வந்திருக்கிறது.

மேலே தனிமனிதர்களின் கெட்ட நேரம், கீழே இயற்கையின் சீற்றம் என்று பார்த்தவுடன் தோன்றும். ஆனால் இரண்டு பாதிக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. தவறியது எல்லாம் அதில் ஏறிவிடும். தடுத்தது எதுவும் ஏறாது. மலைப்பாதையின் தொடக்கத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டதால் உயிர் பிழைத்தவர் தான் பிழைத்தோம் என்று அறியமாட்டார். சருகு முன்பே எரிந்துவிட்டதால் பரவாமல் அடங்கிய தீக்குப் பெயர்கூட வைக்கமாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத இந்த வெற்றிக்குப் பணமும் ஆளும் வாங்குவதுதான் பூங்கா நிர்வாகத்தின் மிகக் கடினமான வேலை என்பேன். தீயை அணைப்பதுகூட அதற்கு அடுத்துதான்.

இந்தத் துறையின் பொறுப்பில் 430க்கும் மேற்பட்ட இடங்கள் உள்ளன. அவற்றில் ‘தேசியப் பூங்கா’ என்ற பெயர் தாங்கியவை 63. 2024இல் 33 கோடிக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாயின. 2014 முதல் 2019 வரையிலான பதிவுகளின்படி ஆண்டுக்குச் சராசரியாக 358 பேர் இந்த இடங்களில் இறந்திருக்கிறார்கள். லட்சம் வருகைக்கு 0.11 சாவு. இவற்றில் பாதிக்கு மேல் விபத்துகள். அதிலும் முதலிடம் வாகன விபத்துக்கு. அடுத்தது நீரில் மூழ்குவது. அதற்கடுத்தது உயரத்திலிருந்து விழுவது. கரடி தாக்கியவர் கதை முதல் பக்கத்துக்கு வந்துவிடும். பட்டியலில் அதை விளக்குப் பிடித்துத்தான் தேட வேண்டும்.

கலிபோர்னியாவின் செக்கோயா, கிங்ஸ் கேன்யன் பூங்காக்களுக்கு வருபவர்கள் கரடியைப் பற்றிக் கேட்டுக் கேட்டுப் பூங்காக் காவலர்களான ரேஞ்சர்களைத் துளைத்தெடுக்கிறார்கள். அங்கே சாவுக்கு முதல் காரணம் ஆறு. மே, ஜூன் மாதங்களில் அடிவாரத்தில் வெயில் கொளுத்தும். அதே வெயில்தான் மேலே சியரா நெவாடா மலையின் பனியை உருக்கி ஆற்றில் தள்ளுகிறது. கரையில் நிற்பவருக்கு வியர்க்கிறது, காலடியில் ஓடுவதோ நேற்றுவரை பனியாக இருந்த நீர். அதில் சட்டென்று விழுந்தவருக்கு முதலில் நடப்பது மூச்சுத்திணறல் அல்ல, தன்னையறியாமல் ஒரு பெருமூச்சு. குளிர் தோலைத் தொட்டவுடன் நுரையீரல் தானாக இழுக்கும் அந்த மூச்சு நீருக்குள் நடந்தால் நீச்சல் தெரிந்தவரும் தப்புவது அரிது. வெயில் ஏற ஏற ஆற்றில் நீர் கூடும். எந்த நாளில் ஆறு மிக இதமாகத் தோன்றுகிறதோ அந்த நாளில்தான் அது மிகக் கொடியதாகவும் இருக்கும்.

கிராண்ட் கேன்யனில் விஷயம் வேறு மாதிரி. சாதாரண மலையில் முதலில் ஏற்றம், களைத்தபின் இறக்கம். இந்தப் பள்ளத்தாக்கு தலைகீழ் மலை. தெற்கு விளிம்பு கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காலையில் குளிர்காற்று வீசும், கால்கள் புத்துணர்ச்சியோடு இருக்கும், பாதை தானாகவே கீழே இழுத்துக்கொண்டு போகும். கொலராடோ ஆறு ஓடும் அடிமட்டம் அதற்கு 1,300 மீட்டருக்கும் கீழே. இறங்க இறங்கக் காற்று அழுத்தப்பட்டுச் சூடேறுகிறது. கோடையில் அடியில் 43 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். பாறைச் சுவர்கள் பகலெல்லாம் வெப்பத்தைக் குடித்து இரவிலும் கக்கிக்கொண்டிருக்கும். ஒருவர் தன் தவறை உணரும் இடம் இந்த அடிமட்டம். அங்கிருந்து திரும்ப ஒரே வழி, உச்சி வெயிலில் செங்குத்து ஏற்றம்.

வெப்பம் கொல்வது எல்லாருக்கும் தெரியும். தண்ணீரும் கொல்லும் என்பதுதான் அங்கே வருபவர்கள் பலருக்குப் புதிய செய்தி. அந்தக் காற்று அவ்வளவு வறண்டது. வியர்வை சட்டையை நனைக்கும் முன்பே ஆவியாகிவிடும். உடலிலிருந்து போவது தண்ணீரும் உப்பும். வெறும் தண்ணீரை மட்டும் மடக் மடக்கென்று குடித்துக்கொண்டே நடந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். செல்கள் நீரை உறிஞ்சி வீங்கும். மண்டையோட்டுக்குள் வீங்க இடமில்லாத மூளை நசுங்கத் தொடங்கும். தலைவலி, குமட்டல், தடுமாற்றம், குழப்பம் என அறிகுறிகள் எல்லாம் வெப்பக் களைப்பைப் போலவே இருப்பதால், உடன் வந்தவர்கள் பதறிப்போய் இன்னும் தண்ணீரைப் புகட்டுவார்கள். அதனால்தான் அங்குள்ள ரேஞ்சர்கள் தண்ணீர்ப் புட்டியோடு உப்புப் பண்டத்தையும் கையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சட்டையை ஓடையில் நனைத்துப் போட்டுக்கொள், காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணிவரை நிழலில் உட்கார் என்கிறார்கள்.

1996 கோடையில் அடுத்தடுத்துச் சாவுகள் விழுந்தன. அதைக் கண்ட பூங்கா நிர்வாகம் 1997இல் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியது. மீட்புக் குழு ஹெலிகாப்டருக்காகக் காத்திருக்காமல் பாதை தொடங்கும் இடத்திலேயே போய் நின்றுகொண்டது. வருபவரிடம் அதட்டாமல், பேச்சுக் கொடுத்துச் சில கேள்விகள் கேட்பார்கள். எங்கே போகிறீர்கள்? எத்தனை லிட்டர் வைத்திருக்கிறீர்கள்? சாப்பிட என்ன இருக்கிறது? செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு ஒரே ஒரு தண்ணீர்ப் புட்டியோடு ஆறுவரை போய்விட்டு மாலைக்குள் வந்துவிடுகிறேன் என்பவரிடம் சட்டம் பேசமாட்டார்கள். இன்னும் கொஞ்ச தூரத்தில் அருமையான காட்சி இருக்கிறது, அங்கேயே படமெடுத்துவிட்டுத் திரும்பினால் நல்லது என்பார்கள். மனிதரின் ஆசையை அறிந்து அதைக் கொஞ்சம் திசைதிருப்பும் வேலை இது. நாள் முழுக்க நின்று பேசினாலும் ஏட்டில் எழுத ஒன்றும் இராது.

யெல்லோஸ்டோனிலோ ஆபத்து பலகைப் பாதைக்கு இரண்டடி தள்ளியே இருக்கிறது. வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றியுள்ள தரை பார்ப்பதற்குக் கெட்டியான பாறை போலத் தெரியும். பல இடங்களில் அது கனிமம் படிந்த மெல்லிய ஓடுதான். கீழே கொதிக்கும் நீர். 1981இல் ஒருவர், நண்பரின் நாய் கொதிநீர்க் குளத்தில் குதித்துவிட்டதைக் கண்டு, சுற்றியிருந்தவர்கள் கத்தக் கத்தத் தலைகீழாகப் பாய்ந்தார். மறுநாள் இறந்துபோனார். அந்தப் பூங்காவின் இயற்கை அமைப்புகளில் மனிதரை மிக அதிகமாகக் காயப்படுத்தியதும் கொன்றதும் வெந்நீர் ஊற்றுகளே. விலங்குகளில் அதிகம் பேரைக் காயப்படுத்தியது கரடியா என்றால் அதுவும் இல்லை, காட்டெருமை. அசையாமல் மேய்ந்துகொண்டிருக்கும் அந்த உருவத்தைப் பார்த்து மாடுதானே என்று பக்கத்தில் போய்ப் படமெடுப்பார்கள். அது மனிதரைவிட மூன்று மடங்கு வேகமாக ஓடும். காட்டெருமையிடமிருந்து 23 மீட்டர், கரடியிடமிருந்தும் ஓநாயிடமிருந்தும் 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி.

இனி அறிக்கையின் கீழ்ப்பாதி.

காடு எரியுமா எரியாதா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் செத்த மரத்தின் ஈரம். அமெரிக்கத் தீயணைப்பாளர்கள் காட்டில் கிடக்கும் எரிபொருளை மணிக்கணக்கில் வகை பிரிக்கிறார்கள்: ஒரு மணி, பத்து மணி, நூறு மணி, ஆயிரம் மணி. கால் அங்குலத்துக்கும் மெல்லிய புல், சருகு, ஈர்க்கு எல்லாம் ஒரு மணி வகை. சுற்றியுள்ள காற்று வறண்டால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அதுவும் வறண்டுவிடும். விரல் பருமன் சுள்ளிக்குப் பத்து மணி. கை பருமன் கிளைக்கு நூறு. மூன்று அங்குலத்திலிருந்து எட்டு அங்குலம் வரை தடித்த அடிமரத்துக்கு ஆயிரம் மணி, அதாவது ஆறு வாரம். விறகடுப்பு மூட்டியவர்களுக்கு இதில் பாதி தெரிந்ததே: ஓலையும் சுள்ளியும் பற்றவைக்க, கட்டை நின்று எரிய. ஒரே ஒரு மழை சருகை நனைத்து அன்றைய தீயைத் தள்ளிப்போடும். ஆனால் ஆறு வாரம் காய்ந்த அடிமரத்துக்கு அந்த மழை உறைக்கவே உறைக்காது. நேற்று மழை பெய்ததே என்று முகாம் தீயை அணைக்காமல் போகிறவர் பார்ப்பது ஒரு மணிக் கணக்கை. தீயணைப்பாளர் பயப்படுவது ஆயிரம் மணிக் கணக்குக்கு.

இதோடு காற்றும் சரிவும் சேரும். தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும். சுடர் மேலே சாய்ந்து, எரியப்போகும் புல்லை முன்கூட்டியே காயவைத்துக்கொண்டே போகும். பகலில் காற்றும் சரிவில் மேல்நோக்கி வீசும், இரவில் கீழ்நோக்கித் திரும்பும். காய்ந்த நாளில், மழையைக் கொண்டுவராத இடிமேகம் ஒன்று மின்னலை மட்டும் இறக்கிவிட்டுப் போகலாம். ஆனால் அமெரிக்கக் காட்டுத்தீகளில் ஏறத்தாழ 85 சதவீதம் மனிதர்கள் மூட்டியவை. அணையாத முகாம் தீ, சிகரெட் துண்டு, சாலையில் தீப்பொறி பறக்க இழுபடும் சங்கிலி, காய்ந்த புல்லின் மேல் நிறுத்திய சூடான வண்டி. அறிக்கையின் மேல்பாதி ஆட்களே கீழ்ப்பாதியையும் எழுதுகிறார்கள்.

அந்நாட்டு அரசு காட்டுத்தீயை அணைக்கத் தொடங்கியது யெல்லோஸ்டோனில்தான். 1872இல் அறிவிக்கப்பட்ட அந்தப் பூங்காவின் நிர்வாகம் 1886இல் ராணுவத்திடம் போனது. வந்திறங்கிய சிப்பாய்களுக்குக் காத்திருந்த முதல் வேலைகளில் ஒன்று, எரிந்துகொண்டிருந்த காடு. பிறகு 1910 ஆகஸ்டில், இரண்டே நாளில், ஐடஹோ, மான்டானா மாநிலங்களில் 30 லட்சம் ஏக்கர் அளவுக்குக் காடு எரிந்துபோனது. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், பெரும்பாலோர் தீயணைக்கப் போனவர்கள். எட் புலாஸ்கி என்ற வனக்காவலர் தன் ஆட்களைக் கைவிடப்பட்ட ஒரு சுரங்கத்துக்குள் தள்ளி, துப்பாக்கி முனையில் வெளியே ஓடவிடாமல் தடுத்துக் காப்பாற்றினார். ஒரு பக்கம் கோடாலி, மறு பக்கம் மண்வெட்டி வடிவம் கொண்ட கருவி இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. அந்த அதிர்ச்சியிலிருந்து பிறந்த பிடிவாதம் 1935இல் விதியாயிற்று: எந்தத் தீயாயினும் தகவல் வந்த மறுநாள் காலை பத்து மணிக்குள் கட்டுக்குள் வர வேண்டும். வனத்துறை போட்ட விதி இது; பூங்காத் துறையும் அதே மனப்போக்கில் எல்லாத் தீயையும் அணைத்தது. சியரா நெவாடாக் காடுகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கூடைமுடையத் தளிர்க் கொம்புக்கும், ஓக் கொட்டை பொறுக்கவும், வேட்டைக்கும் தாமே தீ வைத்துவந்த மோனோ, மீவோக் பழங்குடி மக்களின் பழக்கம் ஏற்கெனவே தடுக்கப்பட்டிருந்தது.

அணைப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். அதுதான் சிக்கல்.

செக்கோயா மரத்தைப் பார்த்தால் புரியும். உலகிலேயே கனஅளவில் மிகப் பெரிய மரம் ‘ஜெனரல் ஷெர்மன்’; வயது ஏறத்தாழ 2,200. இந்த இன மரத்தின் பட்டை இரண்டடி தடிமன்வரை வளரும். நார்நாராக, பஞ்சுபோல இருக்கும். பிசின் குறைவு என்பதால் எளிதில் பற்றாது. இவ்வளவு பெரிய மரத்தின் காயோ கோழிமுட்டை அளவுதான். விதை அதனினும் அற்பம்: ஒரு கிலோவுக்குச் சுமார் இரண்டு லட்சம் விதைகள். காய் முற்றிய பிறகும் விரியாமல் இருபது ஆண்டுகள்வரை பச்சையாகவே கிளையில் தொங்கும். கீழே தீ ஊர்ந்து போகும்போது மேலெழும் வெப்பக்காற்று காயை உலர்த்தும், செதில்கள் விரியும், தீ அடங்கிய சில நாட்களில் விதை மழையாகக் கொட்டும். கொட்டும் இடத்தில் சருகு மெத்தை இருந்தால் அந்த நுண்ணிய விதையின் வேர் மண்ணைத் தொடுமுன் காய்ந்து சாகும். தீ அந்த மெத்தையை எரித்து வெறுந்தரையாக்கியிருந்தால் பிழைக்கும். மேலே கிளைகள் கருகி விழுந்த இடைவெளியில் வெயிலும் இறங்கும். தீயே இந்த மரத்துக்கு மருத்துவச்சி.

அரைநூற்றாண்டு தீ வராமல் பார்த்துக்கொண்டதில், செக்கோயாத் தோப்புகளில் புதுக் கன்றுகள் அரிதாயின. பதிலுக்கு நிழல் தாங்கும் வெள்ளை ஃபர் மரங்கள் நெருக்கியடித்து முளைத்தன. தரையில் சருகு முழங்கால் அளவு. தரைத்தீயைச் செக்கோயாவின் உச்சிக்கு ஏற்றிவிட ஃபர் கிளைகள் ஏணி கட்டி வைத்திருந்தன. பழைய மரங்களின் வளையங்களில் பதிந்த தீவடுக்களை எண்ணிப் பார்த்த டாம் ஸ்வெட்னம் போன்ற ஆய்வாளர்கள், முன்பெல்லாம் இந்தத் தோப்புகளில் சிறு தீ அடிக்கடி வந்துபோயிற்று என்று காட்டினார்கள்.

1963இல் வனவிலங்கு ஆய்வாளர் ஸ்டார்க்கர் லியோபால்ட் தலைமையிலான குழு ஒன்று உள்துறைக்கு அறிக்கை கொடுத்தது. பூங்காக்களில் வனவிலங்குகளை எப்படிக் கையாள்வது என்பதுதான் அவர்களிடம் கேட்ட கேள்வி. அவர்கள் பதிலில் தீயையும் சேர்த்துவிட்டார்கள். அதே காலத்தில் ஆய்வாளர் ரிச்சர்ட் ஹார்ட்ஸ்வெல்ட் செக்கோயாத் தோப்பில் சோதனைக்காகத் தீ வைத்து, அதில் கன்றுகள் முளைப்பதைப் பதிவு செய்தார். ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் பூங்கா 1958லேயே திட்டமிட்டு எரிக்கத் தொடங்கியிருந்தது. 1968இல் பூங்காத் துறை தன் கொள்கையை மாற்றியது. தகுந்த இடத்தில் மின்னல் மூட்டிய தீயை எரியவிடலாம், தேவையான இடத்தில் தாமே மூட்டலாம்.

அந்தக் கொள்கைக்குப் பெரிய சோதனை யெல்லோஸ்டோனில் வந்தது. 1972 முதல் 1987 வரை அங்கே 235 தீக்களை எரியவிட்டார்கள். எல்லாம் சேர்ந்து சுமார் 34,000 ஏக்கர்தான். பெரும்பாலானவை தாமாகவே அடங்கின. 1988இல் வசந்தத்தில் மழை நன்றாகப் பெய்தது. ஜூனில் நின்றது, நின்றது நின்றதுதான். புல்லிலும் சிறு கிளையிலும் ஈரம் இரண்டு மூன்று சதவீதத்துக்கு இறங்கிற்று, விழுந்த அடிமரங்களில் ஏழு சதவீதம். சூளையில் வைத்து உலர்த்தி விற்கும் மரப்பலகையிலேயே பன்னிரண்டு சதவீதம் ஈரம் இருக்கும். ஜூலை நடுவில் எரிந்திருந்தது ஒன்பதாயிரம் ஏக்கருக்கும் குறைவு. ஜூலை 21இல் இனி எல்லாத் தீயையும் அணைப்பதென்று முடிவெடுத்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில் எரிந்த பரப்பு லட்சம் ஏக்கரை நெருங்கியது. ஆகஸ்ட் 20, ஒரே நாளில் ஒன்றரை லட்சம் ஏக்கருக்கும் மேல் எரிந்தது. அதைக் ‘கறுப்புச் சனி’ என்று இன்றும் சொல்கிறார்கள்.

எரியவிட்டதால்தான் இந்தக் கேடு என்று நாடெங்கும் வசை. ஆனால் அந்தக் கோடையின் மிகப் பெரிய தீயான ‘நார்த் ஃபோர்க்’, பூங்காவுக்கு வெளியே விறகு வெட்டியவர் வீசிய சிகரெட்டில் பிறந்தது. முதல் நாளிலிருந்தே அதை அணைக்கப் போராடினார்கள். அதன் தீக்கங்குகள் காற்றில் பறந்து ஒன்றரை மைலுக்கு அப்பால் விழுந்து புதுத் தீயை மூட்டின. புல்டோசர் வெட்டிய கோடும் ஆறும் சாலையும் அதற்கு ஒரு தடையே அல்ல. செப்டம்பர் 7இல் அது புகழ்பெற்ற ஓல்டு ஃபெய்த்ஃபுல் விடுதியின் வாசல்வரை வந்துவிட்டது. விடுதி தப்பியது அதிர்ஷ்டமும் கூரையில் பீய்ச்சிய தண்ணீரும் சேர்ந்துதான். மொத்தத்தில் 25,000 பேர் களமிறங்கினார்கள், 12 கோடி டாலர் செலவாயிற்று, பூங்காவின் பரப்பில் 36 சதவீதத்தைத் தீ தொட்டது. தீயை நிறுத்தியது என்னவோ செப்டம்பர் 11இல் பெய்த கால் அங்குலப் பனி.

அதன்பின் நடந்தது தொலைக்காட்சிக்கு அவ்வளவு சுவையானதல்ல. அங்குள்ள லாட்ஜ்போல் பைன் மரத்தின் காய்களும் பிசினால் ஒட்டி மூடியவை. வெப்பம் பட்டால்தான் திறக்கும். மறு வேனிலிலேயே கருகிய தரையில் கன்றுகள் முளைத்தன, சில இடங்களில் ஏக்கருக்கு லட்சக்கணக்கில் விதை விழுந்திருந்தது. மான், காட்டெருமை உட்பட இறந்த பெரிய விலங்குகள் சில நூறு மட்டுமே. பல்லாயிரம் எல்க் மான்கள் திரியும் நிலத்தில் அது சிறு தொகை. பூங்கா செத்துவிட்டது என்று எழுதிய தலையங்கங்கள் பழங்காகிதம் ஆயின.

இப்படிச் சொல்வதால் தீ வைப்பது ஆபத்தில்லாத வேலை என்று நினைத்துவிட வேண்டாம். 2000 மே 4 அன்று நியூ மெக்சிகோவின் பாண்டலியர் பூங்காவில் ஊழியர்களே திட்டமிட்டு மூட்டிய தீ கைமீறிப் போயிற்று. பலத்த காற்று அதை லாஸ் அலமோஸ் நகருக்குள் தள்ளியது. 18,000 பேர் வெளியேற வேண்டியிருந்தது. நானூறு குடும்பங்கள் வீடிழந்தன. நஷ்டஈட்டுக்கென்றே நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது. 2025 ஜூலை 4 அன்று கிராண்ட் கேன்யனின் வடக்கு விளிம்பில் மின்னல் மூட்டிய ‘டிராகன் பிராவோ’ தீயை முதலில் ஒரு வட்டத்துக்குள் அடக்கி எரியவிட்டார்கள். ஒரு வாரம் கழித்துக் காற்று திசைமாறி வலுத்தது. 1937இல் திரும்பக் கட்டப்பட்ட கிராண்ட் கேன்யன் லாட்ஜும் பல கட்டடங்களும் சாம்பலாயின. கூடவே குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து குளோரின் வாயு கசிந்தது. குளோரின் காற்றைவிடக் கனமானது; பள்ளத்தாக்கின் அடியில் போய்த் தேங்கும். ஆகவே விளிம்பில் எரிந்த தீக்காக, அடிமட்டத்தில் நடந்துகொண்டிருந்தவர்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. இந்த இரண்டு சம்பவத்திலும் கோபப்பட்டவர்களுக்குக் காரணம் இருந்தது. காற்று முன்னறிவிப்பை யார் பார்த்தார்கள், எப்போது ஆளைக் கூட்டினார்கள் என்ற கேள்விகள் கேட்கப்பட வேண்டியவையே. எல்லாத் தீயையும் அணைத்துவிடுங்கள் என்பது மட்டும் அதற்கு விடையாகாது. அணைத்துக் குவித்த எரிபொருளின் கணக்குத்தான் இன்று வட்டியோடு வந்து நிற்கிறது.

வட்டி எவ்வளவு என்பது 2020இலும் 2021இலும் தெரிந்தது. இரண்டு ஆண்டுத் தீக்களில், உலகிலுள்ள பெரிய செக்கோயா மரங்களில் 13 முதல் 19 சதவீதம் வரை செத்துவிட்டதாகப் பூங்காத் துறை மதிப்பிட்டது. ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுகள் எத்தனையோ தீயைக் கண்டு நின்ற மரங்கள் இவை. உச்சிவரை ஏறிய தீயை அவற்றால் தாங்க முடியவில்லை. 2021இல் ஜெனரல் ஷெர்மன் மரத்தின் அடிப்பகுதியைச் சுற்றி அலுமினியப் போர்வை கட்டிய படம் உலகெங்கும் வந்தது. போர்வையைப் பற்றி எழுதியவர்கள், அந்தத் தோப்பில் பல பத்தாண்டுகளாகத் திட்டமிட்டு எரித்துவந்ததால் தீ அங்கே வந்தபோது சுருங்கித் தரையோடு ஊர்ந்தது என்பதைக் கடைசிப் பத்தியில் வைத்தார்கள். 2022 ஜூலையில் யோசெமிட்டியின் மரிபோசாத் தோப்புக்கு அருகே ‘வாஷ்பர்ன்’ தீ பிடித்தபோதும் அதே கதை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட முதிர்ந்த செக்கோயாக்கள் உள்ள தோப்பு அது, ஒன்றுகூடச் சாகவில்லை. தண்ணீர் தெளிப்பான்களும் ஆட்களும் உதவினார்கள். 1970கள் தொட்டு எரித்து எரித்துச் சருகைக் குறைத்துவைத்ததுதான் அவர்கள் நின்று வேலை செய்ய இடம் கொடுத்தது. தடுத்தது கண்ணுக்குத் தெரிந்த அபூர்வ நாள் அது.

தீயணைப்புக் களத்தில் நடக்கும் வேலையையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். விமானம் சிவப்புப் பொடிக்கரைசலைக் கொட்டும் காட்சி படத்துக்கு நல்லது. அது தீயின் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவே. தீயை முடிப்பது தரையில் வரிசையாக நிற்கும் இருபது பேர். முன்னால் போகிறவர்கள் ரம்பத்தால் புதரை வெட்டித் தள்ளுவார்கள். பின்னால் வருகிறவர்கள் புலாஸ்கிக் கருவியால் வேரையும் மக்கையும் சுரண்டி, மண் தெரியும்வரை இரண்டு மூன்றடி அகலத்துக்குத் தீத்தடுப்புக் கோடு இழுப்பார்கள். தீ அடங்கியபின்தான் சலிப்பான பகுதி. கையுறையைக் கழற்றிப் புறங்கையைச் சாம்பலுக்கு மேல் நீட்டிச் சூடு இருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்ப்பார்கள். மண்ணுக்கடியில் வேரோடு புகைந்துகொண்டிருக்கும் கங்கு வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

அந்த ஆட்கள் எப்படிச் சாகிறார்கள் என்று பார்த்தால் அறிக்கையின் இரண்டு பாதியும் ஒட்டிக்கொள்ளும். தீ சூழ்ந்து இறப்பவர்கள் உண்டு. 1949இல் மான்டானாவின் ‘மான் கல்ச்’ பள்ளத்தாக்கில் அப்படிப் பதின்மூன்று பேர் இறந்தார்கள். அதற்கு இணையாக மாரடைப்பு, களத்துக்குப் போகும் வழியில் வாகன விபத்து, விமான விபத்து, மேலே விழும் பட்ட மரம். சுற்றுலாப் பயணியைக் கொல்வது எதுவோ ஏறக்குறைய அதுவே இவர்களையும் கொல்கிறது.

இருவரையும் காப்பாற்ற ஓடும் அமைப்பும் ஒன்றே. 1970 இலையுதிர்காலத்தில் கலிபோர்னியாவில் பதின்மூன்று நாள் தீயில் பதினாறு பேர் இறந்தார்கள், எழுநூறு கட்டடங்கள் எரிந்தன. உதவிக்கு வந்த துறைகளுக்குள் வானொலி அலைவரிசை ஒத்துப்போகவில்லை, பதவிப் பெயர்கள் ஒத்துப்போகவில்லை, யார் சொல்லை யார் கேட்பது என்றும் தெரியவில்லை. அதிலிருந்து பிறந்த ஏற்பாடுதான் ‘சம்பவக் கட்டளை முறை’. எந்தத் துறைக்காரர் என்றாலும் களத்தில் ஒரே தலைவர். ஒருவருக்குக் கீழே நேரடியாக ஏழு பேருக்கு மேல் கூடாது. திட்டமிட ஒரு பிரிவு, களப்பணிக்கு ஒன்று, சோறு தண்ணீர் வண்டிக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று. லட்சம் ஏக்கர் தீக்கு உருவான இந்த முறையில்தான் இன்று பூங்காவில் காணாமல்போன ஒரு சிறுவனையும் தேடுகிறார்கள். இந்தியாவின் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் இதன் தழுவலே.

திட்டமிட்டு எரிக்கும் வேலை இப்போது எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது? தீ வைக்க நாள் பார்ப்பது கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பதைவிடச் சிரமம். சருகு பற்ற வேண்டும், அடிமரம் பற்றக் கூடாது. காற்று வீச வேண்டும், வலுக்கக் கூடாது. புகை மேலேறிக் கலைய வேண்டும், பள்ளத்தாக்கு ஊர்களில் தங்கக் கூடாது. செக்கோயாப் பூங்காவுக்குக் கீழே உள்ள சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் காற்று ஏற்கெனவே நாட்டிலேயே மோசமானவற்றில் ஒன்று என்பதால், காற்றுத்தர வாரியத்தின் அனுமதியும் வேண்டும். பார்க்க வந்தவர்கள் ‘மலை தெரியவில்லை, பணம் கட்டியல்லவா வந்திருக்கிறோம்’ என்று குறைசொல்லாமலும் இருக்க வேண்டும். இவை எல்லாம் கூடிவரும் நாட்கள் பெரும்பாலும் இலையுதிர்காலத்தில் விழுகின்றன. அந்த நாட்களில் எரிப்பதற்கு வேண்டிய குழு பல ஆண்டுகளில் பூங்காவிலேயே இருப்பதில்லை. வேறெங்கோ கைமீறிய ஒரு பெருந்தீயை அணைக்கப் போயிருக்கும்.